புள்ளி எட்டுக்கும் கீழே

வேதமுத்துவின் ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பிய அன்று ஜெபகனி இரண்டு ஜெபங்கள் செய்தாள். அந்த மனுஷனுக்குக் கெட்டது எதுவும் இருக்கக் கூடாது என்று ஒன்று. சுபின் ஊருக்கு வந்து சேர வேண்டும் என்று இன்னொன்று. இரண்டும் ஒரே வாயில் வரக் கூடாதவை என்று அவளுக்குத் தெரியும். அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்றால் மகன் பம்பாயிலிருந்து எதற்காக ஓடி வருகிறான்? தெரிந்தேதான் செய்தாள்.

பாளையங்கோட்டையில், முருகன்குறிச்சியைத் தாண்டி, ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது அந்த ரத்தப் பரிசோதனை நிலையம். முதலாளி ஆவுடைநாயகம் அண்ணாச்சி. சர்க்கரை, உப்பு, சிறுநீர் எல்லாம் அங்கேயே பார்த்துவிடுவார்கள். பெரிய பரிசோதனை என்றால் ரத்தத்தைச் சுழற்றி, மேலே தெளிந்து நிற்கிற நீரை மட்டும் சின்னக் குப்பியில் எடுத்து, பேர் ஒட்டி, ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து, சாயங்காலம் வண்ணார்பேட்டையில் சென்னை பஸ் டிரைவர் கையில் கொடுக்க வேண்டும். காலையில் அங்கே லேப் ஆள் வந்து வாங்கிக்கொள்வான். நாலாம் நாள் போனில் எண்ணைச் சொல்வார்கள். தாள் பின்னால் தபாலில் வரும்.

ஜெபகனி பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அம்மா படுத்த படுக்கையானபோது நின்றாள். அம்மா போன பிறகு, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு போய் உட்கார வெட்கப்பட்டு நின்றேவிட்டாள். ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்குத் தோதாக இருந்தது. 'கைய மடக்குங்க', 'விடுங்க' என்று இரண்டு வார்த்தை பேசினால் ஒரு ஆளை அனுப்பிவிடலாம்.

வேதமுத்து, ராதாபுரம் தாலுகா ஆபீஸில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மகள் ரீபா, ஒரு காலத்தில் ஜெபகனியோடு ஒரே பெஞ்சில் இருந்தவள், இப்போது பி.எட். படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள். மூன்று வாரமாக அவருக்குக் கண் மஞ்சள். சிறுநீர் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் போயிற்று. உடம்பெல்லாம் அரிப்பு. சொறிந்து சொறிந்து ரத்தம் வருகிறது என்று ரீபா அவர் இரண்டு கையிலும் பழைய காலுறைகளை மாட்டிவிட்டிருந்தாள். பத்து நாள் கீழாநெல்லி குடித்தும் குறையவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், ஈரலுக்குள் பித்தக் குழாய்கள் வீங்கியிருக்கின்றன, வழியில் எங்கோ அடைப்பு, கல் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார். வேலூருக்குப் போய்க் குழாய்க்குள் கருவி விட்டுப் பார்ப்பதுதான் சரி என்றும் சொன்னார். அதற்கு முன்னால், பித்தக் குழாயில் புற்று இருந்தால் ரத்தத்தில் கூடுகிற ஒரு புரதத்தை அளந்து பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். சி.ஏ. நைன்டீன் நைன். முப்பத்தேழுக்குள் இருந்தால் சரியான அளவு.

ரீபா அன்றைக்கே பம்பாய்க்குப் போன் போட்டாள். சுபின் லீவு வாங்கி, பதினாலாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டான்.

அந்தப் பதினாலுதான் ஜெபகனியின் மனசில் உட்கார்ந்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன், கிறிஸ்துமஸ் கேரல் பாடிக்கொண்டு தெருத் தெருவாகப் போனபோது, கூட்டத்துக்குப் பின்னால் சுபின் அவளோடு நடந்து வந்தான். ஜனவரியில் பம்பாய் போகும்போது, "ஒரு வருசத்துல வந்துருவேன். வந்ததும் அப்பாட்ட நானே சொல்லுதேன்" என்றான். லேப் விலாசத்துக்கு ஒன்பது கடிதம் எழுதினான். போன ஈஸ்டருக்குப் பிறகு ஒன்றும் இல்லை. அவளும் ஏன் என்று கேட்டு எழுதவில்லை. கேட்டு எழுதினால் பதில் வந்துவிடும் என்ற பயம். ஒரு தடவை முகத்தைப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும் என்று நினைத்தாள். இருக்கிறதா, இல்லையா. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

நாலாம் நாள் சென்னை லேபிலிருந்து பத்மப்ரியா கூப்பிட்டாள். நாலு வருஷமாக அவர்கள் போனில்தான் பழக்கம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

"எழுதிக்கோ கனி. வேதமுத்து, அறுபத்தொண்ணு வயசு. சி.ஏ. நைன்டீன் நைன், பாயிண்ட் எட்டுக்கும் கீழ."

"கீழன்னா?"

"மெஷினால அதுக்குக் கீழ அளக்க முடியாது. அவ்ளோ கம்மி. அடுத்தது எழுது."

ஜெபகனி பதிவேட்டில் எழுதினாள். எழுதும்போது நெஞ்சுக்குள் எதுவோ சரிந்து இறங்கியது. அது நிம்மதி இல்லை, ஏமாற்றம் என்று தெரிந்ததும் தன் கையைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது.

ரீபா மாடியேறி ஓடி வந்து எண்ணைக் கேட்டுவிட்டு அவளைக் கட்டிப் பிடித்து அழுதாள். கீழே மருந்துக் கடை போனிலிருந்தே அண்ணனுக்குச் சொல்லிவிட்டாள். லீவை ஏன் வீணாக்குகிறாய், கிறிஸ்துமஸுக்குச் சேர்த்து வா என்று. டாக்டர் மட்டும், இந்த எண்ணை வைத்து முடிவு சொல்ல முடியாது, வேலூர் போங்கள் என்று திரும்பவும் சொன்னார். அது டாக்டர்கள் எல்லாருக்கும் சொல்கிற பேச்சு என்று வீட்டில் எடுத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில், ஆராதனை முடிகிற நேரத்தில் வேதமுத்து எழுந்து முன்னால் போனார். கையில் காலுறை இல்லை. முழுக்கைச் சட்டை போட்டு மறைத்திருந்தார். கர்த்தர் தன் ரத்தத்தில் புற்றின் அடையாளம் ஒரு துளிகூட இல்லாமல் காத்தார் என்று சாட்சி சொன்னார். சபை முழுக்க எழுந்து நின்று துதிப்பாட்டுப் பாடியது. எங்கள் சபைகளில் சாட்சி சொல்வது சாதாரணக் காரியம் இல்லை. சொல்லிவிட்டால் அது முடிந்த காரியம். அதற்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போகிறவனை, விசுவாசம் இல்லாதவன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆனால் பார்ப்பார்கள்.

ஜெபகனியும் எழுந்து நின்று பாடினாள். பின் பெஞ்சிலிருந்து பார்த்தபோது, அவர் பிடரி எலுமிச்சம்பழம்போல் இருந்தது.

அடுத்த புதன்கிழமை மேலப்பாளையத்திலிருந்து பாவா வந்தார். கறிக்கடை வைத்திருப்பவர். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவருக்கும் மஞ்சள் கண்டு, இதே எண்ணைப் பார்த்து, பித்தக் குழாயில் கல் என்று தெரிந்து எடுத்துவிட்டார்கள். இப்போது எண் இறங்கிவிட்டதா என்று பார்க்க டாக்டர் அனுப்பியிருந்தார்.

"என்ன தங்கச்சி, இந்தத் தடவை எத்தனை சொல்லப் போற" என்று கையை நீட்டினார். "போன தடவை நூத்தி நாப்பதுன்னு சொல்லிட்ட. வீட்டுல ஆசியா உம்மாள் மூணு நாளு அடுப்பு பத்த வைக்கல. என் சட்டையெல்லாம் மடிச்சு, யார் யாருக்குக் குடுக்கணும்னு பிரிச்சு வச்சிட்டா. கடைசில பாத்தா ஒரு புளியங்கொட்டை அளவு கல்லு. சட்டையை அவ தம்பிகிட்டேருந்து திருப்பி வாங்க நான் பட்ட பாடு எனக்குல்லா தெரியும்."

"மஞ்சள் இருந்தா அது கூடத்தான் செய்யும்னு டாக்டர் சொன்னாவல்லா, பாவா."

"சொன்னாரு. கல்லால அடைச்சாலும் ஏறும், மஞ்சள் இறங்குனா அதுவும் இறங்கும்னு. அதை முதல்லயே சொல்லக் கூடாதா? சரி, பைய குத்து. கறி வெட்டுற கைன்னாலும் வலிக்கத்தான் செய்யுது."

அவர் போன பிறகு ஜெபகனி குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் இருந்தால் எண் கூடும். புற்றே இல்லாத பாவாவுக்கு நூற்று நாற்பது. வேதமுத்துவின் மஞ்சள் அதைவிடக் கனம். குழாய் அடைத்து வீங்கியிருக்கிறது. பின்னே எப்படி ஒன்றுமே இல்லை?

அவள் பதிவேட்டைத் திறந்து பின்னோக்கிப் புரட்டினாள். அந்தப் பரிசோதனை இரண்டு வருஷத்தில் இருபத்தாறு பேருக்கு. ஒரு நோயும் இல்லையென்று வந்த டவுண் சீதாலக்ஷ்மி டீச்சருக்குக்கூட ஒன்பது. பாபநாசம் மில்லில் வேலை பார்த்த இசக்கியப்பனுக்குப் பன்னிரண்டு. மற்றவர்களுக்கு இருபது, எழுபது, ஆயிரத்து நானூறு. புள்ளி எட்டுக்கும் கீழே என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. எழுதின கை அவளுடையதுதான்.

"அண்ணாச்சி, இதைப் பாருங்க" என்று ஆவுடைநாயகத்திடம் காட்டினாள்.

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "கம்மியா இருந்தா நல்லதுதானம்மா. அவங்க வீட்டுல சந்தோசமா இருக்காங்க. அதைக் கெடுக்கணுமா?"

"நல்லா இருக்கிற ஆளுக்கே ஒம்பது இருக்கே அண்ணாச்சி."

"ஏம்மா, தபால்காரன் காயிதத்தைக் கொண்டு குடுக்கணும். பிரிச்சு வச்சு அர்த்தம் சொல்ல ஆரம்பிச்சா நாளைக்கு எவன் நம்மகிட்ட வருவான்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பயந்துதான் சொன்னார்.

அன்று மத்தியானம் பத்மப்ரியா வேறு எண்களைச் சொல்லக் கூப்பிட்டபோது, எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, ஜெபகனி அவளை நிறுத்தினாள்.

"அந்த வேதமுத்து ரத்தம். ஐஸ் உருகிக் கெட்டுப் போயிருக்குமோ?"

"இல்லப்பா. ரெண்டு தடவ போட்டுப் பாத்தோம். ஏன்?"

"அவருக்கு மஞ்சள் ரொம்ப. குழாய் அடைச்சிருக்கு. எண்ணு ஏறியிருக்கணும்லா?"

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "இரு, மருந்துப் பெட்டியோட ஒரு தாள் வரும், படிச்சுச் சொல்றேன்." சிறிது நேரம் கழித்து, "கனி, நீ கேட்டது சரிதான். நாம புரதம் புரதம்னு சொல்றோம் இல்ல, நாம அளக்கறது அது மேல ஒட்டியிருக்கிற ஒரு சர்க்கரைப் பூச்சு. அந்தப் பூச்சைப் பூசற சரக்கே சில பேர் உடம்புல பிறவியிலேயே கிடையாதாம். ரத்த குரூப் மாதிரி அது ஒரு வகை. நூத்துல அஞ்சு பேர், பத்து பேர். அவங்களுக்குப் புத்து இருந்தாலும் ஏறாது, இல்லாட்டியும் ஏறாது."

"அப்ப அவருக்கு இருக்கா, இல்லியா?"

"இதை வச்சு இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. ஸ்கேன்ல என்ன இருக்கோ அதை நம்பிப் போகச் சொல்லு. தபால்ல போற தாள்ல இதை நான் கைப்பட எழுதி அனுப்பறேன்."

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஜெபகனி மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. அவளை அவளே நம்பவில்லை. இருபத்தாறு பேர் எண்களைப் பார்த்தவள், ஏன் இந்த ஒரு வரியில் போய் நின்றாள்? சுபின் வரவேண்டும் என்ற ஆசைதான் பதிவேட்டைப் புரட்டியதோ? அவனுடைய அப்பா உடம்பில் புற்றைத் தேடித் திரிகிற பெண்ணாக ஆகிவிட்டோமே என்று கைகளை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். நாலாம் நாள் தபாலில் தாள் வந்தது. எண்ணுக்குக் கீழே பத்மப்ரியாவின் கையெழுத்தில் நாலு வரி. அது தன் ஆசை எழுதியது இல்லை. அன்றைக்கு லேபைப் பூட்டிவிட்டுச் சமாதானபுரத்தில் இருந்த வேதமுத்து வீட்டுக்கு நடந்தாள்.

ரீபா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் வேதமுத்து பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. காலுறைகள் மறுபடி கையில் ஏறியிருந்தன.

"ஏளா, அதிசயமா இருக்கே. நீயா ஒரு வீட்டுப் படி ஏறுத?" என்றாள் ரீபா.

ஜெபகனி நின்றபடியே சொன்னாள். பாவாவின் கல், பதிவேடு, சர்க்கரைப் பூச்சு, நூற்றில் ஐந்து பேர். அவள் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. ரீபா மடித்த சேலையை மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். கேட்கக் கேட்க முகம் இறுகியது.

"நீ எப்ப டாக்டர் ஆன?"

"டாக்டரும் வேலூருக்குப் போவத்தான் சொன்னாவ, ரீபா."

"எனக்கு எல்லாம் தெரியும்ளா. கேரல் போனப்ப நீங்க ரெண்டு பேரும் பின்னால வந்ததை நான் பாக்கலைன்னா நெனச்ச? அண்ணன் வாரேன்னான், நான் வேண்டாம்னுட்டேன். இப்ப அவன் வரணும். அதுக்கு எங்கப்பாவுக்குப் புத்து இருக்கணும். அதான?"

ஜெபகனிக்குக் காது இரண்டும் கொதித்தன. இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடிவிடலாம். ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தாள்.

"ஆமா" என்றாள். "அவிய வரணும்னுதான் ஜெபம் பண்ணுனேன். ரத்தத்தை ஐஸ்ல வைக்கும்போதே பண்ணுனேன். அந்தப் பாவம் என்னோட இருக்கட்டும். ஆனா அந்த எண்ணு நான் உண்டாக்குனது இல்ல ரீபா. அவிய இங்கன வரவே வேண்டாம். அரக்கோணத்துல இறங்குனா வேலூரு பக்கம்தான. நேர அங்கன வரச் சொல்லு. நான் பாக்க வேண்டாம். மாமாவ மட்டும் கூட்டிட்டுப் போ."

ரீபா சேலையைப் பிரித்து, திரும்பவும் மடித்தாள்.

"அந்தக் காயிதத்தைக் கொண்டா, பிள்ள" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வேதமுத்து காலுறைகளைக் கழற்றிவிட்டுத் தாளை வாங்கினார். மஞ்சள் கண்களுக்கு அருகில் பிடித்து, மனுவைப் படிப்பதுபோல் தலைப்பிலிருந்து கீழ்வரை படித்தார்.

"சபையே எழுந்திரிச்சுப் பாடுச்சே, ஜெபா" என்றார். "இப்ப நான் வேலூருக்குப் போனா, சொன்ன சாட்சி என்னத்துக்கு ஆகும்? கர்த்தரைப் பொய்யாக்கவா?"

ஜெபகனி தாளில் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். "இது ஒண்ணுமில்லைன்னு சொல்லல, மாமா. அளக்க முடியலைன்னு சொல்லுது."

அவர் திரும்பவும் படித்தார். வெகுநேரம் படித்தார்.

"ராதாபுரத்துல ஒரு பதிவேடு இருந்துச்சு" என்றார் பிறகு. "ஒரு சர்வே நம்பருக்கு எதிர்ல ஒண்ணுமே எழுதியிருக்காது. புதுசா வந்த பையன் ஒருத்தன், அங்கன நிலமே இல்லைன்னு சர்டிபிகேட் எழுதிக் குடுத்துட்டான். போய்ப் பாத்தா நாலு ஏக்கர் பனங்காடு. யாரும் சங்கிலி பிடிச்சு அளக்கல, அவ்வளவுதான். அவன நான் என்ன ஏச்சு ஏசுனேன் தெரியுமா?" தாளை மடியில் வைத்துத் தடவினார். "அந்தப் பய செஞ்சதத்தான் நானும் கோயில்ல நின்னு செஞ்சிருக்கேன். காயிதத்துக்குச் சாட்சி சொல்லிட்டு, கர்த்தர் பேரைப் போட்டுட்டேன்."

"எப்பா" என்றாள் ரீபா, கதவருகில் நின்று.

"அடிச்சு எழுதிறலாம் மக்ளே. சபை ஐயர்கிட்ட நானே சொல்லுதேன். நீ அவனுக்குப் போன் போடு. வேலூருக்கு வரச் சொல்லு." ஜெபகனியைப் பார்த்தார். "நேர வேலூருக்கே வரச் சொல்லு."

எவ்வளவு கேட்டிருந்தாரோ, அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் புறப்பட்டார்கள். வண்ணார்பேட்டையில் பிளாஸ்கைக் கொடுக்கப் போன ஜெபகனி, வேலூர் பஸ் நிற்கிற பக்கம் பார்க்காமல் திரும்பினாள். சுபின் ரத்து செய்யாமல் வைத்திருந்த டிக்கெட்டின் பதினாலாம் தேதி வந்தது, போனது. அன்று இருபத்துமூன்று பேருக்கு ரத்தம் எடுத்தாள். அரக்கோணம் ஸ்டேஷன் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. இருந்தாலும் அவன் இறங்கி, பையைத் தோளில் மாட்டி, பஸ்ஸுக்கு வழி கேட்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மீசை வைத்திருப்பானா? பம்பாய்த் தண்ணீருக்கு நிறம் மாறியிருக்குமா? இரண்டு வருஷத்துக்கு முந்திய முகத்தைத்தான் அவளால் எல்லா இடத்துக்கும் அனுப்ப முடிந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து, காலை பத்து மணிக்கு லேப் போன் அடித்தது. ரீபா.

"ஜெபா, குழாய்க்குள்ள ஒரு சின்னக் குழாய வச்சு பித்தத்தை வெளிய விட்டிருக்காவ. மஞ்சள் இறங்குது. அரிப்பு நின்னுட்டு." அவள் மூச்சு வாங்கினாள். "புத்து இருக்குளா. ரெண்டு குழாயும் சேருற இடத்துல. ஈரல்ல ஒரு பக்கத்தையும் சேத்து எடுக்கணுமாம். எடுக்கலாம்னு சொல்லுதாவ. இன்னும் ரெண்டு மாசம் கழிச்சு வந்திருந்தா தொட்டிருக்க மாட்டோம்னு சொன்னாவ." பிறகு, "நான் அன்னைக்குச் சொன்னத மனசுல வைக்காத" என்றாள்.

"வைக்கல."

"அண்ணன் இங்கனதான் நிக்கான். இந்தா."

வேண்டாம் என்பதற்குள் போன் கை மாறிவிட்டது. வேலூரில் அவர்கள் பேசிய எஸ்.டி.டி. பூத்துக்கு வெளியே லாரி ஒன்று போகிற சத்தம் முதலில் கேட்டது.

"ஜெபா" என்றான் சுபின்.

"மாமா சாப்பிடுதாவளா?"

"கஞ்சி குடிக்காவ. உன்னைத்தான் ரெண்டு தடவ சொன்னாவ." அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "நான் கடிதம் போடாததுக்கு..."

"போன்ல வேண்டாம்" என்றாள். அடுத்தவர் பேச்சை அவள் குறுக்கே வெட்டியது அதுதான் முதல் தடவை. "என்னவா இருந்தாலும் நேர்ல வந்து சொல்லுங்க. வேண்டாம்னு சொல்லுறதுன்னாலும் நேர்ல வந்து சொல்லுங்க."

பூத்தில் மீட்டர் ஓடும் டிக் டிக் சத்தம் கேட்டது.

"அப்பாவ நான்தான் கூட்டிட்டு வரணும்" என்றான். "ஆபரேசன் முடிஞ்சு, ஒரு மாசமாவது ஆகும்."

"ஆகட்டும்."

ரிசீவரை வைத்த பிறகுதான், தன் பெயரை அவன் சொன்னபோது குரலில் என்ன இருந்தது என்று கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்று அவளுக்குத் தோன்றியது. படியில் யாரோ ஏறி வந்தார்கள். அவள் ரிசீவரை மறுபடியும் எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். டயல் சத்தம் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.